புராஸ்டேட் புற்றுநோயும் செல் சமிக்ஞைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் எல்லோரும் கேட்பது இரண்டுதான்: எந்த நிலையில் இருக்கிறது, என்ன சிகிச்சை. கொஞ்ச காலம் போன பிறகு வேறு கேள்விகள் எழும். ஊசி போட்டதும் பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் சுரக்கும், ரத்தத்தில் அளக்கப்படும் ஒரு புரதம்) மடமடவென்று இறங்கியதே, இப்போது ஏன் மறுபடி ஏறுகிறது? ஹார்மோனைத்தான் நிறுத்திவிட்டோமே, புற்று எதைக் கொண்டு வளர்கிறது? ஏன் எலும்புக்குப் போகிறது? இவற்றுக்கான பதில்கள் செல்லுக்குள் ஓடும் சமிக்ஞைகளில் இருக்கின்றன. அந்தப் பதில்களைப் புரியும்படி சொல்லத்தான் இந்தப் பக்கம். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சில் வரும் சொற்கள் உங்களுக்கு அந்நியமாக இருக்கக் கூடாது என்பதே என் ஆசை.

செல் சமிக்ஞை என்றால் என்ன?

உடம்பில் எந்தச் செல்லும் தன் இஷ்டத்துக்குப் பெருகுவதில்லை. எப்போது வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்போது சாக வேண்டும் என்று அதற்குத் தகவல் வந்துகொண்டே இருக்கிறது. அந்தத் தகவலைக் கொண்டுவருவது ரத்தத்தில் வரும் ஹார்மோனாக இருக்கலாம், பக்கத்துச் செல் சுரக்கும் வளர்ச்சிக் காரணியாகவும் இருக்கலாம். அதைப் பிடித்துக்கொள்ளச் செல்லில் ஒரு புரதம் காத்திருக்கும். அதற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி தூண்டப்பட்டதும் ஒரு புரதம் அடுத்த புரதத்தை உசுப்பிவிட, அது இன்னொன்றை உசுப்பிவிட, கடைசியில் உட்கருவில் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும், சில அடங்கிப்போகும். இந்த முழு ஓட்டமும் சேர்ந்ததுதான் செல் சமிக்ஞை.

புற்றுச்செல் தனக்கென்று புதிய சமிக்ஞைகளை உருவாக்கிக்கொள்வது அபூர்வம். உடம்பில் ஏற்கெனவே இருக்கும் பாதைகளைத்தான் அது கைப்பற்றுகிறது. புராஸ்டேட் புற்றுநோயில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

புராஸ்டேட் செல்லுக்கு முக்கியமான சமிக்ஞை எது?

ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன். இதில் பெரும்பங்கு டெஸ்டோஸ்டிரோன். அதை முக்கியமாக விரைகள் சுரக்கின்றன. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளும் ஆண்ட்ரோஜனின் மூலப்பொருள்களைக் கொஞ்சம் தருகின்றன. இந்தக் கொஞ்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது பெரிய விஷயமாகும்.

டெஸ்டோஸ்டிரோன் புராஸ்டேட் செல்லுக்குள் நுழைந்ததும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. சுருக்கமாக டிஹெச்டி. இது டெஸ்டோஸ்டிரோனைவிட இறுக்கமாக ஏற்பியைப் பற்றிக்கொள்ளும், விட்டுப் பிரியவும் அதிக நேரம் எடுக்கும். அதனால் அதே அளவில் அதிக வலுவான உத்தரவாகிறது.

ஆண்ட்ரோஜன் ஏற்பி செல்லின் மேற்பரப்பில் நிற்பதில்லை, செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஹார்மோன் வராத வரை ஹெச்எஸ்பி90 போன்ற துணைப் புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். டிஹெச்டி வந்து ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறும், பிடி தளரும், அது உட்கருவுக்குள் போகும். அங்கே இரண்டிரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏவில் தனக்கென்று உள்ள இடங்களில் அமர்ந்து மரபணுக்களை இயக்கும். அப்படி இயங்கும் மரபணுக்களில் ஒன்றுதான் பிஎஸ்ஏ புரதத்தைத் தயாரிப்பது.

இந்த ஏற்பிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான். ஆகவே பிரதி ஒன்றே ஒன்று. அதில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் ஈடுகட்ட இன்னொரு பிரதி கிடையாது.

டெஸ்டோஸ்டிரோன் எல்லா ஆண்களுக்கும் இருக்கிறது. எல்லோருக்கும் ஏன் புற்று வருவதில்லை?

நல்ல கேள்வி. ஆரோக்கியமான சுரப்பியில் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் முக்கிய வேலை வளர்ப்பது என்றுகூடச் சொல்ல முடியாது. சுரப்பியின் உட்புறத்தில் வரிசையாக நிற்கும் செல்களில் அது "முதிர்ந்துவிடு, உன் சுரப்பு வேலையைப் பார்" என்று சொல்கிறது. அந்தச் செல்களைச் சுற்றியிருக்கும் தாங்கு திசுவில் வேறு மாதிரி வேலை: ஹார்மோன் வந்ததும் அந்தத் திசு வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து பக்கத்துச் செல்களுக்கு அளந்து கொடுக்கும். வளர்ச்சியின் கணக்கு இப்படிப் பக்கத்து வீட்டின் கையில் இருப்பதால்தான் ஒரு செல் தனியாக மிஞ்சிப் போக முடிவதில்லை.

புற்றில் இந்த ஏற்பாடு உடைந்துவிடுகிறது. அதே ஏற்பி, அதே ஹார்மோன். ஆனால் இப்போது அது சுரப்புச் செல்லுக்குள்ளிருந்தே நேராக வளர்ச்சி மரபணுக்களை இயக்குகிறது. காவலுக்கு நின்ற வேலி பயிரை மேய ஆரம்பித்த கதைதான்.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதற்கு நமக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று 2005-ல் வந்தது. அமெரிக்காவில் அருள் சின்னையன் தலைமையிலான குழு, பல புராஸ்டேட் புற்றுகளில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. ஒன்று டிஎம்பிஆர்எஸ்எஸ்2. ஆண்ட்ரோஜன் வந்தால் இயங்கும் மரபணு. (கொரோனா வைரஸ் நம் செல்களுக்குள் நுழையப் பயன்படுத்திக்கொண்ட புரதமும் இதுவே.) இன்னொன்று இஆர்ஜி. புராஸ்டேட்டின் சுரப்புச் செல்களில் இது வழக்கமாக உறங்கிக்கிடக்கும். இரண்டும் 21-வது குரோமோசோமில், சுமார் 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் இடைவெளியில் இருக்கின்றன. இடையில் உள்ள பகுதி அறுந்துபோய் இரண்டும் இணைந்துவிட்டால், முதலாவதன் சுவிட்ச் இரண்டாவதன் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு முறை ஆண்ட்ரோஜன் வரும்போதும் உறங்க வேண்டிய இஆர்ஜி விழித்துக்கொள்கிறது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களின் புராஸ்டேட் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த இணைப்பு உண்டு. கிழக்காசிய ஆண்களிடம் இது குறைவு.

என்னை இன்றைக்கும் வியக்கவைக்கும் விஷயம் இதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த வெட்டுக்கும் ஒட்டுக்கும் ஆண்ட்ரோஜன் ஏற்பியே வழி செய்து கொடுக்கிறது. மரபணுக்களை இயக்கும்போது அது டிஎன்ஏவை வளைத்துத் தொலைவில் உள்ள பகுதிகளை அருகில் கொண்டுவருகிறது. டிஎன்ஏ முறுக்கைத் தளர்த்த வெட்டிச் சேர்க்கும் ஒரு நொதியையும் கூடவே அழைத்து வருகிறது. அருகருகே வந்த இரண்டு இடங்களில் வெட்டு விழுந்து, சேர்க்கும்போது தவறிவிட்டால் போதும்.

இந்த இணைப்பு இல்லாத புற்றுகளும் நிறைய உண்டு. சுமார் 10 சதவீதத்தில் எஸ்பிஓபி என்ற மரபணு பிறழ்ந்திருக்கும். தேவையில்லாத புரதங்களுக்குக் "கழிவு" என்று அடையாளம் போடுவது அதன் வேலை. அது கெட்டால் ஆண்ட்ரோஜன் ஏற்பியும் அதன் துணைப் புரதங்களும் கழிக்கப்படாமல் தேங்கும். வழி வேறாக இருந்தாலும் போய்ச் சேரும் இடம் அதே பாதைதான்.

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருந்தால் ஆபத்து கூடுமா?

இயல்பான வரம்புக்குள் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்று பெரிய ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. ஏற்பிகள் ஓரளவு ஹார்மோனிலேயே நிரம்பிவிடுகின்றன, அதற்கு மேல் வருவது பெரிதாக எதையும் மாற்றுவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

ஹார்மோன் சிகிச்சை என்ன செய்கிறது?

1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் சிகாகோவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரவிய புராஸ்டேட் புற்று உள்ளவர்களுக்கு விரைகளை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ, புற்றின் அளவுகோலாக அன்று பயன்பட்ட ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதி ரத்தத்தில் இறங்கியது. புற்றுநோய் என்பது தன்போக்கில் ஓடும், எதற்கும் கட்டுப்படாது என்று நினைத்திருந்த காலம் அது. உடம்பின் ஹார்மோன் ஒன்றை எடுத்துவிட்டால் பரவிய புற்றும் சுருங்கும் என்பது பெரிய செய்தி. ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று அறுவைக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஊசிதான். அது வேலை செய்யும் விதமே சமிக்ஞைக்கு ஓர் அழகான பாடம். மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டு, துடிப்புத் துடிப்பாக ஒரு ஹார்மோனை அனுப்பும். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி விரைகளுக்கு உத்தரவு அனுப்பும். லூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசிகள் அந்த மூளை ஹார்மோனின் சாயலில் செய்யப்பட்டவை. "அதையே கொடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் கூடாதா?" என்று கேட்பீர்கள். முதல் சில நாள்கள் கூடத்தான் செய்யும். ஆனால் தூண்டுதல் இடைவெளியே இல்லாமல் தொடர்ந்தால் பிட்யூட்டரி தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டு மரத்துப்போய்விடும். உத்தரவு நின்றுவிடும். சில வாரங்களில் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு இறங்கும்.

அந்த முதல் ஏற்றத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. முதுகெலும்பில் புற்று உள்ளவருக்கு அந்தச் சில நாள்களில் வலி கூடலாம், தண்டுவடம் அழுத்தப்படலாம். அதனால்தான் ஊசியோடு, ஆண்ட்ரோஜன் ஏற்பியை அடைக்கும் பைகலூட்டமைடு போன்ற மாத்திரையைச் சில வாரங்கள் சேர்த்துத் தருகிறார்கள். டெகரெலிக்ஸ் ஊசியும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் பிட்யூட்டரி ஏற்பியை நேராக அடைத்துவிடுகின்றன. ஆகவே அவற்றில் இந்த ஏற்றம் இல்லை.

பக்கவிளைவுகளும் இதே காரணத்தால் வருபவைதான். ஆண்ட்ரோஜன் சமிக்ஞை தசைக்கும், ரத்தம் உருவாவதற்கும், மனநிலைக்கும், பாலுணர்வுக்கும் வேண்டும். எலும்பைக் காப்பதில் டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் ஈஸ்ட்ரோஜனுக்கும் பங்கு உண்டு. திடீரென்று உடம்பெங்கும் வரும் சூடும் வியர்வையும், களைப்பும், எலும்புத் தேய்மானமும் நோயாளியின் கற்பனையல்ல. வீட்டில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வது மிக முக்கியம்.

சிகிச்சையில் பிஎஸ்ஏவை ஏன் அடிக்கடி பார்க்கிறார்கள்?

பிஎஸ்ஏவை இயக்குவது ஆண்ட்ரோஜன் ஏற்பி. ஆகவே அந்த எண் புற்றின் அளவை மட்டுமல்லாமல், ஏற்பி எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்பதையும் காட்டுகிறது. சிகிச்சையில் இருப்பவருக்கு அது ஏறத் தொடங்கினால் ஏற்பி மறுபடி வேலைக்கு வந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஹார்மோனை அடியோடு குறைத்த பிறகும் புற்று எப்படித் திரும்ப வளர்கிறது?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் இந்த நிலையை "ஹார்மோனுக்குக் கட்டுப்படாத புற்று" என்றார்கள். புற்று ஆண்ட்ரோஜனை விட்டு விலகி வேறு எதையோ பிடித்துக்கொண்டது என்று எண்ணம். அது பெரும்பாலும் தவறு என்று பின்னால் தெரிந்தது. பெரும்பாலான நோயாளிகளிடம் அப்போதும் புற்றை ஓட்டுவது அதே ஆண்ட்ரோஜன் ஏற்பிதான். இறங்கிய பிஎஸ்ஏ மறுபடி ஏறுவதே அதற்குச் சாட்சி. ஆகவே பெயரையும் மாற்றினார்கள். இன்று இதை விரைநீக்கத்தை எதிர்க்கும் புற்று என்கிறார்கள் (அறுவையாலோ மருந்தாலோ டெஸ்டோஸ்டிரோனை அடிமட்டத்துக்கு இறக்குவதைத்தான் இங்கே விரைநீக்கம் என்பது). டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே இருந்தும் நோய் முன்னேறினால் இந்தப் பெயர்.

பட்டினி போட்ட செல் என்னென்ன வழிகளைத் தேடுகிறது என்று பாருங்கள்.

முதலில், ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. ஏற்பியின் மரபணுவையே பல பிரதிகளாக ஆக்கிக்கொள்ளும். அந்த மரபணுவை முடுக்கிவிடும் டிஎன்ஏ பகுதியையும் பெருக்கிக்கொள்ளும். முன்னேறிய புற்றுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இது காணப்படுகிறது. ஏற்பிகள் கூடினால் சொற்ப ஹார்மோனே போதும். 2004-ல் அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் சாயர்ஸின் குழு, ஏற்பியின் அளவு ஓரளவு கூடினாலே சிகிச்சையைப் புற்று மீறிவிடுகிறது என்று காட்டியது. அதைவிட முக்கியமாக, ஏற்பி கூடிய செல்லில் பைகலூட்டமைடு தடுப்பு மருந்தாக இல்லாமல் லேசான தூண்டியாகவே மாறிவிடுவதையும் கண்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்ததுதான் என்சலூட்டமைடு. ஏற்பி எவ்வளவு கூடியிருந்தாலும் தடுக்கும்படி தேடி எடுக்கப்பட்ட மருந்து அது. 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அடுத்து, ஹார்மோனைத் தானே சமைத்துக்கொள்கிறது. அட்ரீனல் தரும் அந்தக் கொஞ்சம் மூலப்பொருள் இங்கேதான் பெரிதாகிறது. சிகிச்சையில் உள்ளவர்களின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாக இருந்தபோதும், பரவிய கட்டிகளின் உள்ளே அது தாராளமாக இருந்ததை ஆய்வுகள் அளந்து காட்டின. ரத்தப் பரிசோதனை "இல்லை" என்கிறது, கட்டிக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. 2011-ல் அனுமதி பெற்ற அபிராடெரோன் இந்த அடுப்பை அணைக்கும் மருந்து. விரை, அட்ரீனல், கட்டி என்று எல்லா இடத்திலும் ஆண்ட்ரோஜன் தயாரிப்புக்கு வேண்டிய சிஒய்பி17 நொதியை அது முடக்குகிறது. அதே நொதி கார்டிசோலுக்கும் தேவை. கார்டிசோல் குறைந்தால் பிட்யூட்டரி அட்ரீனலை விரட்டும், வேறு ஹார்மோன்கள் தேங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதனால்தான் கூடவே பிரெட்னிசோலோன் தருகிறார்கள். அந்தச் சின்ன மாத்திரையை வேண்டாம் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது, ஏற்பியின் வடிவம் மாறுகிறது. ஹார்மோன் பொருந்தும் குழிக்கான மரபணுப் பகுதியில் ஓர் எழுத்து மாறினால் போதும், ஏற்பி ஆள் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் கதவு திறக்கும். ஒரு வகைப் பிறழ்வில் புரோஜெஸ்டிரோனுக்கும், இன்னொரு வகையில் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுக்கும் இணங்கிவிடும். பழைய மருந்தான ஃப்ளூட்டமைடு சிலரிடம் ஏற்பியைத் தடுப்பதற்குப் பதில் தூண்டத் தொடங்கியது. மருந்தை நிறுத்தியதும் பிஎஸ்ஏ இறங்கியதைப் பார்த்து மருத்துவர்களே திகைத்தார்கள்.

நான்காவது, ஹார்மோன் பொருந்தும் பகுதியே இல்லாத குட்டையான ஏற்பிகள் தோன்றுகின்றன. இவற்றில் பெயர்பெற்றது ஏஆர்-வி7. சாவித் துளையே இல்லாத பூட்டு, ஆனால் எப்போதும் திறந்தே இருக்கிறது. ஹார்மோனைக் குறைத்துப் பயனில்லை. என்சலூட்டமைடுக்கும் பிடித்துக்கொள்ள இடமில்லை. 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தத்தில் சுற்றும் புற்றுச்செல்களில் ஏஆர்-வி7 இருந்தவர்களுக்கு அபிராடெரோனும் என்சலூட்டமைடும் பயன் தரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு டோசிடாக்செல் போன்ற கீமோ மருந்து வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது.

அப்புறம் இன்னொரு தந்திரம்: ஆண்ட்ரோஜன் ஏற்பியின் வேலையை அதன் நெருங்கிய உறவான, கார்டிசோல் போன்ற ஸ்டீராய்டுகளைப் பிடிக்கும் குளுக்கோகார்டிகாய்டு ஏற்பியிடம் ஒப்படைத்துவிடுவது. இரண்டும் டிஎன்ஏவில் ஏறக்குறைய ஒரே மாதிரி இடங்களில் உட்காரக்கூடியவை.

இவ்வளவும் ஒரே நோயாளியின் வெவ்வேறு கட்டிகளில் ஒரே நேரத்தில் நடக்கலாம். அதனால்தான் ஒருவருக்கு ஒரு கட்டி சுருங்கும்போது மற்றொன்று வளர்கிறது.

அப்படியானால் பிஎஸ்ஏ ஏறியதும் ஹார்மோன் ஊசியை நிறுத்திவிடலாமா?

பொதுவாக வேண்டாம். மேலே சொன்னபடி ஏற்பி இன்னும் பசியோடுதான் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைத் திறந்துவிட்டால் அதற்குச் சோறு போட்டது போல ஆகும். ஊசியைத் தொடர்ந்துகொண்டே அடுத்த மருந்தைச் சேர்ப்பதுதான் வழக்கம்.

புற்று எதிர்க்கும் வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே இரண்டு பக்கமும் அடைப்பது இன்னும் நல்லது என்று 2017-ல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. புதிதாகக் கண்டறியப்பட்ட, பரவிய புற்று உள்ளவர்களுக்கு ஊசியோடு அபிராடெரோனையும் சேர்த்தபோது ஆயுள் கூடியது. இன்று முடிந்தவரை அப்படித்தான் தொடங்குகிறார்கள். உங்களுக்கு ஊசி மட்டும் போதும் என்று சொல்லப்பட்டிருந்தால், காரணம் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

ஆண்ட்ரோஜனைத் தவிர வேறு பாதைகள் உண்டா?

உண்டு. முக்கியமானது பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்ற மூன்று புரதங்கள் வரிசையாக இயங்கும் பாதை. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகள் வந்தால் இது இயங்கி, "உணவு இருக்கிறது, வளரு, சாகாதே" என்று செல்லுக்குச் சொல்லும். இதற்குப் பிரேக் போடும் புரதம் பிடென். 1997-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 10-வது குரோமோசோமில் அதன் மரபணு இருக்கிறது. புராஸ்டேட்டுக்குள்ளேயே இருக்கும் புற்றுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் பிடென் தொலைந்திருக்கும். பரவி முற்றிய புற்றுகளில் அது 40 சதவீதம் அளவுக்குப் போகும். பிடென் இல்லாத புற்றுகள் பொதுவாக வேகமானவை.

சரி, ஏகேடியைத் தடுத்துவிட்டால் முடிந்ததா? இல்லை. 2011-ல் வெளியான ஆய்வுகள் ஒரு சங்கடமான உண்மையைக் காட்டின. இந்தப் பாதையும் ஆண்ட்ரோஜன் பாதையும் தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி. ஒன்றை அமுக்கினால் மற்றது எழும்பும். ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தடுத்தால், ஏகேடியை அடக்கிவைக்கும் ஒரு புரதம் குறைந்துபோகிறது. ஆகவே ஏகேடி வலுக்கிறது. பிஐ3கேயைத் தடுத்தால் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஹெர் வகை ஏற்பிகள் கூடி, ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தூக்கிவிடுகின்றன. எலிகளில் இரண்டையும் ஒன்றாகத் தடுத்தபோதுதான் கட்டி நன்றாகச் சுருங்கியது.

மனிதர்களில் இந்த வழி எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தரவில்லை. இபடாசெர்டிப் என்ற ஏகேடி தடுப்பானை அபிராடெரோனோடு சேர்த்த பெரிய ஆய்வில், பிடென் இழந்தவர்களுக்கு நோய் முன்னேறாமல் இருந்த காலம் சுமார் 2 மாதம் கூடியது. பக்கவிளைவுகளும் கூடின: வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, ரத்தத்தில் சர்க்கரை. சர்க்கரை ஏறுவதில் ஆச்சரியமில்லை. இன்சுலின் பேசும் பாதையைத்தானே அடைக்கிறோம். இதே வகையைச் சேர்ந்த காபிவாசெர்டிப்பும் பிடென் இழந்தவர்களிடம் சோதிக்கப்பட்டு வருகிறது.

பிஎஸ்ஏ குறைவாக இருந்தும் நோய் பரவுவது உண்டா?

உண்டு. எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாத இடம் இது. நீண்ட காலம் ஏற்பியைக் கடுமையாக அடைத்து வைத்தால், சில புற்றுகள் தங்கள் அடையாளத்தையே மாற்றிக்கொள்கின்றன. சுரப்புச் செல்லின் குணத்தை விட்டுவிட்டு நரம்புச் செல் சாயலுக்குப் போய்விடும். இதை நரம்பு-நாளமில்லா வகை என்கிறார்கள். ஆர்பி1, டிபி53 என்ற இரண்டு காவல் மரபணுக்களையும் இழந்த புற்றுகளில் இந்த மாற்றம் அதிகம். இங்கேதான் ஆண்ட்ரோஜன் ஏற்பியின் பிடி உண்மையிலேயே விலகுகிறது. ஏற்பி இல்லாததால் பிஎஸ்ஏவும் இல்லை. கல்லீரல் போன்ற உறுப்புகளில் நோய் வேகமாகப் பரவும்போது பிஎஸ்ஏ அசையாமல் கிடக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஸ்கேனும் புதிய பயாப்ஸியும் தேவைப்படும். சிகிச்சையும் மாறும்: பிளாட்டினம் சேர்ந்த கீமோ மருந்துகள்.

புற்று ஏன் எலும்பைத் தேடிப் போகிறது?

அதுவும் சமிக்ஞைப் பேச்சுதான். எலும்பு மஜ்ஜையில் உள்ள செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற அழைப்புப் புரதத்தைச் சுரக்கின்றன. ரத்தத்தை உருவாக்கும் தண்டுச்செல்கள் அதைப் பின்பற்றித்தான் மஜ்ஜையில் குடியிருக்கின்றன. புராஸ்டேட் புற்றுச்செல்லும் அதற்கான ஏற்பியைத் தன்மேல் வைத்துக்கொண்டு அதே அழைப்பில் வந்து சேர்கிறது.

வந்த இடத்தில் கொடுக்கல் வாங்கல் ஆரம்பமாகிறது. புற்றுச்செல் எண்டோதீலின், பிஎம்பி போன்ற புரதங்களைச் சுரந்து எலும்பு கட்டும் செல்களைத் தூண்டும். அவை ராங்க்எல் என்ற புரதத்தால் எலும்பு கரைக்கும் செல்களைக் கூப்பிடும். எலும்பு கரையும்போது அதற்குள் பூட்டி வைத்திருந்த டிஜிஎஃப்-பீட்டா, இன்சுலினை ஒத்த ஐஜிஎஃப் ஆகிய வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் வெளியே வந்து புற்றுச்செல்லுக்கு உரமாகின்றன. எலும்பு கட்டுதலும் கரைதலும் தாறுமாறாகப் போவதால், ஸ்கேனில் எலும்பு அடர்த்தியாகத் தெரிந்தாலும் உண்மையில் அது உறுதியற்றது. முறியும்.

டெனோசுமாப் ஊசி ராங்க்எல்லைப் பிடித்துக்கொண்டு இந்தச் சுழற்சியில் ஒரு கண்ணியை அறுக்கிறது. இந்த ஊசிக்கு முன்னால் பல் பரிசோதனையை முடித்துவிடுங்கள். ஊசி போடும் காலத்தில் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

இந்தச் சமிக்ஞைகளைத் தடுக்கும் உணவோ வைட்டமினோ உண்டா?

அப்படி நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. வைட்டமின் இ மாத்திரை புராஸ்டேட் புற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 17 சதவீதம் கூடியிருந்தது. "கெடுதல் இல்லையே, சாப்பிட்டு வைப்போம்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி வேறு விஷயம். ஹார்மோன் சிகிச்சையில் தசை கரைகிறது, உடம்பு இன்சுலினுக்கு மந்தமாகிறது, எலும்பு மெலிகிறது. நடையும், எடை தூக்கும் பயிற்சியும் களைப்பைக் குறைத்துத் தசை பலத்தைக் காக்கின்றன. எலும்பில் பரவியிருந்தால் எந்த அசைவு பாதுகாப்பானது என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்கலாம்?

பிஎஸ்ஏ ஏறியிருந்தால் முதலில், டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஊசி தவறிப்போனதாலோ தாமதமானதாலோ அது ஏறியிருக்கலாம். அப்போது அது மருந்தை மீறிய புற்று ஆகாது.

பரவிய நோய் என்றால் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பிஆர்சிஏ2 போன்ற டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுக்களில் கோளாறு இருந்தால், ஓலபாரிப் வகை மருந்துகள் பயன்படும். 2020 முதல் அவை புராஸ்டேட் புற்றுக்கும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. இப்போது எந்த மருந்து எந்தப் புரதத்தைத் தடுக்கிறது, அதற்கு முன்னால் எதைத் தடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அபிராடெரோன் கேட்காமல் போனவருக்கு உடனே என்சலூட்டமைடு கொடுத்தாலும், மாற்றிக் கொடுத்தாலும், பலன் பல சமயம் குறைவாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே பாதையில் நிற்கும் மருந்துகள் என்பதே காரணம். அடுத்த மருந்து அதே பாதையில் வேலை செய்கிறதா, வேறு பாதையிலா என்பதை அந்தத் தாளை வைத்தே கேட்டுவிடலாம்.

பிஆர்சிஏ2 கோளாறு பிறவியிலேயே வந்தது என்று தெரிந்தால், மகன்களிடமும் மகள்களிடமும் உடன்பிறந்தவர்களிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பெண்களுக்கு அது மார்பகப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும் உள்ள ஆபத்தைக் கூட்டும். அவர்கள் இப்போதே பரிசோதித்துக்கொள்ளலாம்.